850 மி.மீ. மழை பெய்யற ஊரு எப்படிங்க வறட்சி ஊரு?

கொல்லைமேடு (பென்னாகரம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் ஆத்தாமையும் கூட.

நேத்து ராத்திரி பையன் படிச்சுக்கிட்டே கேட்டான்: "ஜெய்சல்மேர்ல வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் கூட மழை இல்லையாம்ப்பா. நம்ம தருமபுரிக்கு சராசரி 850 கிட்ட. அப்புறம் ஏன் நீ எப்பப் பாத்தாலும் மழை இல்ல, மழை இல்லன்னே சொல்ற?" பதில் சொல்ல வாயெடுத்தேன், வரல.

எனக்கு ரெண்டே கால் ஏக்கர் மானாவாரிக் கொல்லை. செம்மண்ணு, ஒரு முழம் தோண்டுனா மொரம்பு. கிணறு இருக்குது, தண்ணிதான் இல்ல. சில வருஷம் முன்ன நடந்தது இது. சித்திரையில உழவு மழை கிடைச்சுது. ஆடி பொறந்து நாலாம் நாள் நல்ல மழை. மம்பட்டியால ஒரு வெட்டு வெட்டிப் பாத்தேன், ஈரம் ஒரு சாண் இறங்கியிருந்துச்சு. கடலைக்காய் விதைச்சேன். முளைப்பு அவ்வளவு அழகு.

அதோட சரி. தினம் சாயங்காலம் மேகம் கூடும், மேற்கால இருந்து காத்து வரும், கலைஞ்சு போவும். செடி பூவெடுத்து, காய் பிடிக்க மண்ணுக்குள்ள விழுது எறங்கற நேரத்துக்கு மண்ணு ஓடு மாதிரி ஆயிடுச்சு. குனிஞ்சு ஒவ்வொரு செடியா புரட்டிப் பாக்கறேன், விழுது மண்ணைத் தொட்டுட்டு உள்ள போவ வழியில்லாம நுனி கறுத்துப் போய் நிக்குது. ஒன்னு ரெண்டு இல்ல, சாலு முழுக்க. முப்பத்தெட்டாம் நாள் ராத்திரி மழை கொட்டுச்சு. கொடி பச்சைப் பசேல்னு ஆச்சு, புடுங்கிப் பாத்தா காய் இல்ல. மாட்டுக்குப் போட்டேன்.

நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போனா, "உங்க பக்கம் மழை இயல்பாத்தானே பெய்ஞ்சிருக்கு"ன்னு பேப்பரைக் காட்டுனாங்க. நான் பொய் சொல்றனா, பேப்பர் பொய் சொல்லுதா?

—

கம்புக்கூழ் எழுதியது:

ரெண்டும் பொய் இல்லண்ணா. மழை மழைமானி மேல பெய்ஞ்சுது, உங்க கொல்லை மேல பெய்யல. அவ்வளவுதான் :)

—

மழைமானி (அரூர்) எழுதியது:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "இயல்பு" என்ற சொல். நீண்டகால சராசரியில் 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறை அதை இயல்பு என்றே எழுதும். 20 முதல் 59 விழுக்காடு குறைந்தால்தான் பற்றாக்குறை. அதுவும் ஒரு பருவம் முழுமைக்குமான கூட்டல். ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாள். அதில் நூறு நாள் காய்ந்து, கடைசி வாரம் மொத்தமும் கொட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். உங்கள் முப்பத்தெட்டு நாள் அந்தக் கூட்டலில் எங்கேயும் தெரியாது. பரீட்சையில் ஐந்து பாடத்தில் பூஜ்யமும் ஒன்றில் அறுநூறும் வாங்கின பையனுக்குச் சராசரி நூறு என்று பாராட்டுவது போல.

இரண்டாவது, நம் ஊர் இருக்கும் இடம். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வருகிறது, நமக்கு வருவது வற்றிய காற்று. வடகிழக்குக் காற்று வங்கக் கடலில் இருந்து வருகிறது, கடற்கரையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகளைத் தாண்டி நம்மிடம் வரும்போது கை ஏறக்குறைய காலி. இரண்டு பருவமும் நமக்கு உண்டு என்று பெருமை பேசலாம். பந்தியில் இரண்டு பக்கமும் கடைசி இலை நம்முடையது.

பழைய தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயும் ஒரே மழை இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் தென்மேற்கை நம்பும். கிழக்கே அரூர், ஊத்தங்கரை வடகிழக்கை, அதிலும் புயலை நம்பும். நடுவில் செப்டம்பர், அக்டோபர் மாத இடிமழை இரண்டு பேருக்கும் பொது. அந்த இடிமழை மேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலம்தான். மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்று என் பாட்டி சொல்வது வெறும் பேச்சில்லை.

2023 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 முதல் கணக்கு வைத்திருக்கும் இந்தியாவில் அதைவிட வறண்ட ஆகஸ்ட் கிடையாது, 36 விழுக்காடு குறைவு. ஆனால் அந்தப் பருவத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் குறைவு வெறும் 6 விழுக்காடு.

—

ஊத்தங்கரை_78 எழுதியது:

> அதிலும் புயலை நம்பும்

சார், நம்பி என்னாச்சுன்னு நான் சொல்றேன். 2024 டிசம்பர் 2 காலையில 8.30 மணி வரைக்கும், அதுக்கு முந்தின இருபத்து நாலு மணி நேரத்துல எங்க ஊர்ல 503 மி.மீ. பெஞ்சல் புயல். உங்க அரூர்லயும் 33 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழையில பாதிக்கு மேல ஒரே நாள்ல.

ஏரி நெறஞ்சு ரோட்டு மேல ஏறுச்சு. பஸ் ஸ்டாண்டு கிட்ட நிறுத்தி வச்சிருந்த வேனும் காரும் தீப்பெட்டி மாதிரி ஒன்னு மேல ஒன்னு இடிச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டுப் போச்சு, நாடே பாத்துச்சு அந்த வீடியோவை. என் மச்சான் வீட்டுல இடுப்பளவு தண்ணி. அதே மச்சான் அந்த வருஷம் சித்திரையில டேங்கர் தண்ணிக்குக் காசு கொடுத்து மாமரத்துக்கு ஊத்துனவரு. அப்ப ஊத்துன குடத்தையெல்லாம் வெள்ளம் தூக்கிட்டுப் போச்சுன்னு இப்பவும் சொல்லிச் சிரிப்பாரு. சிரிக்காம என்ன பண்றது.

—

ஓசூர்_ஐடி எழுதியது:

அண்ணனுங்களா, எல்லாரும் வானத்தையே பாக்கறீங்க. மேற்கால திரும்பிப் பாருங்க. காவிரி நம்ம மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சுதான் மேட்டூருக்குப் போவுது. 2024 ஜூலை 30 அன்னிக்கு மேட்டூர் 120 அடி நெறஞ்சுது. ஒகேனக்கல்ல பரிசலை நிறுத்திட்டாங்க, குளிக்கத் தடை, அவ்வளவு தண்ணி. அது நம்ம ஊர்ல பெய்ஞ்ச மழை இல்ல, குடகுலயும் வயநாட்டுலயும் பெய்ஞ்சது. உபரியா கடலுக்குப் போற நாள்ல பம்ப் பண்ணி நம்ம ஏரிங்களுக்கு விட்டா மேட்டர் முடிஞ்சுது. எத்தனை வருஷமா கேக்கறோம்.

—

கொல்லைமேடு எழுதியது:

தம்பி, எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா ஒகேனக்கல் மலை தெரியும். அந்தக் கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போட்டவன். ஆனா ஆறு பள்ளத்துல, ஏரி மேட்டுல. உபரி வர்றது வருஷத்துல சில நாள், சில வருஷம் அதுவும் இல்ல. அந்தச் சில நாளுக்குள்ள எவ்வளவு தூக்க முடியும்னு யாராவது கணக்கு போட்டுக் காட்டணும். வேண்டாம்னு சொல்லல. வந்தா முதல் மாலை நான் போடுவேன். வர்ற வரைக்கும் என் கடலைக்காய் காத்திருக்காது, அவ்வளவுதான்.

—

ரிக்குவண்டி (காரிமங்கலம்) எழுதியது:

நான் பதினோரு வருஷம் போர்வெல் போடற வண்டியில இருந்தவன். திருச்செங்கோட்டு வண்டி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், கடைசி நாலு வருஷம் ராஜஸ்தான், ஜோத்பூர் பார்மர் பக்கம். பாலைவனத்தை யாரும் புத்தகத்துல இருந்து சொல்ல வேணாம், நான் அதுல தூங்கி எழுந்தவன்.

அங்க மொத மாசம் எனக்கு ஒன்னு புரியல. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்ல வட்டமா ஒரு களம், சுண்ணாம்பும் மண்ணும் அடிச்சு நடுவுல சரிவா வச்சிருப்பாங்க. நடுவுல ஒரு மூடி, பூட்டு. நெல்லு காயப்போடற களம்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அடியில தொட்டி. டாங்கான்னு பேரு. களத்துல விழற மழை எல்லாம் நாலு ஓட்டை வழியா உள்ள எறங்கும். அந்த வீட்டம்மா எனக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் கொடுத்துட்டுத் திரும்பப் பூட்டுனாங்க பாருங்க, நம்ம ஊர்ல பீரோவைக் கூட அப்படிப் பூட்ட மாட்டோம். களத்து மேல செருப்போட ஏறுனதுக்கு எங்க ஹெல்ப்பர் பையன் வாங்குன திட்டு இருக்கே!

ஜெய்சல்மேர் பக்கம் இன்னொன்னு, கடீன்னு சொல்வாங்க. பாறைச் சரிவுக்குக் கீழ நீளமா மண்கரை. ஆடி ஆவணியில பெய்யற மழை ஓடி வந்து அதுக்குள்ள நிக்கும். நின்னு மண்ணுக்குள்ள எறங்குனதும், அந்த ஈரத்துலயே குளிருக்குக் கோதுமையும் கொண்டக்கடலையும் போடுவாங்க. ஐந்நூறு வருஷத்துக்கு மேல பழக்கம்.

அவங்க பஞ்சத்தைக் கூட வகை பிரிச்சு வச்சிருக்காங்க. தானியம் இல்லன்னா ஒரு பேரு, தண்ணி இல்லன்னா ஒரு பேரு, தீவனம் இல்லன்னா ஒரு பேரு. மூணும் சேந்து வந்தா திரிகால். மழை வராதுங்கறதுதான் அங்க கணக்கு, வந்தா லாபம். நம்ம கணக்கு தலைகீழ். வரும்னு விதைக்கறோம்.

அதுக்காக அந்த ஊரைத் தூக்கி வச்சும் பேச வேணாம். அங்கேயும் மழை ஒழுங்கு கெட்டுதான் வருது. 2006 ஆகஸ்ட்ல பார்மர் பக்கம் கவாஸ்னு ஒரு ஊர், பாலைவனத்துல மூழ்கிப் போச்சு. மணலுக்கு அடியில ஜிப்சம் பாறை, தண்ணி கீழ எறங்கல. மாசக்கணக்கா நின்னுச்சாம். நான் போனப்ப சுவத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருந்துச்சு, என் தலைக்கு மேல.

—

கேழ்வரகுக்களி (பாலக்கோடு) எழுதியது:

ரிக்குவண்டி அண்ணா, அந்த ஊரு தொட்டியைப் பத்தி அழகா எழுதுனீங்க. நம்ம ஊர்ல நீங்க போட்ட ஓட்டையைப் பத்தியும் கொஞ்சம் எழுதுங்களேன்.

கோவப்படாதீங்க, எங்க வீட்டுலயே நாலு போர் இருக்குது. மொதல் போர் 240 அடி, என் மாமனார் காலத்துல. ரெண்டரை இஞ்ச் தண்ணி. அது நின்னதும் 600. அப்புறம் 900. கடைசியா போட்டது 1,180 அடி. தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாத்துச் சொன்னாரு ஒருத்தர், தேங்காய் நிமிந்துச்சு, தண்ணி வரல. புழுதிதான் வந்துச்சு, மல்பெரி இலை எல்லாம் வெள்ளை. நகையை வச்ச கடன் இன்னும் ஓடுது.

தண்ணி இருந்த போர்லயும் குடிக்க முடியாது. ஆழத்துத் தண்ணியில புளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கறாங்க. எங்க தலைமுறையில பாதிப் பேருக்கு பல்லு காரை, அதைப் பாத்தே தருமபுரியான்னு கேப்பாங்க. என் நாத்தனாருக்கு நாப்பது வயசுலயே முட்டி மடங்காது. 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்புறம்தான் பிள்ளைங்க பல்லு வெள்ளையா முளைக்குது. ஜப்பான் கடன்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கு மேல செலவு பண்ணிக் கொண்டாந்த தண்ணி. அது வராத நாள்ல திரும்ப போர் தண்ணிதான். வறட்சி கொல்லையில மட்டும் இல்லீங்க, வாய்லயும் இருக்குது.

—

ரிக்குவண்டி எழுதியது:

அக்கா, கோவம் இல்ல. நீங்க கேட்டது நியாயம்.

உள்ளதைச் சொல்றேன். நம்ம ஊரு கீழ முழுக்கப் பாறை. மேல இருக்கற மக்கிப்போன பாறை, அதுக்குக் கீழ வெடிப்பு, அதுல நிக்கறதுதான் தண்ணி. அது ஆறு மாதிரி ஓடற ஊத்து இல்ல, தாத்தா சேத்து வச்ச சில்லறை. 300 அடி தாண்டுனா வெடிப்பு கொறையும், 1,000 அடியில கிடைச்சா அதிர்ஷ்டம். வண்டியில நிக்கறவனுக்கு இது தெரியும். "இன்னும் ஒரு நூறு அடி போடு"ன்னு வீட்டுக்காரரு சொல்லும்போது வேணாம்னு சொன்னது உண்டு. சொன்ன அன்னிக்கு ஓனர் என்னைத் திட்டுனதும் உண்டு, அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டு ஆச்சே. வண்டியை விட்டு எறங்குனதுக்கு அதுவும் ஒரு காரணம், இடுப்பு வலி இன்னொன்னு.

—

ஓசூர்_ஐடி எழுதியது:

அப்ப போரைத் தடை பண்ணணும்கறீங்களா? தக்காளி, பூ, பட்டுப்பூச்சி எல்லாம் எதுல ஓடுது?

—

கேழ்வரகுக்களி எழுதியது:

தடைன்னு யாருங்க சொன்னா. தக்காளி இல்லன்னா பாலக்கோட்டுல பாதி வீட்டுல அடுப்பு எரியாது. 1,180 அடி தோண்டற காசை மேல விழற தண்ணிக்குச் செலவு பண்ணியிருக்கலாம்னு எனக்கு இப்பத் தோணுது, அப்பத் தோணல. தோணியிருந்தாலும் வீட்டுல கேட்டிருக்க மாட்டாங்க. போர்னா ஆம்பளைங்களுக்கு ஒரு கெத்து.

—

மழைமானி எழுதியது:

அம்மா சொன்னதை ஒட்டி ஒன்று. மழை ஒழுங்கு தவறுவது நம் காலத்தில் தொடங்கிய கதை இல்லை. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் பட்டபாடு பெரிது, நாம் அன்று சேலத்துக்குள்தான் இருந்தோம். 2016 நினைவிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு 440 மி.மீ. கிடைக்க வேண்டியது, கிடைத்தது 168. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு யாரும் பேப்பரைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. அப்படிப்பட்ட பெரிய பஞ்சத்துக்குப் பெயர் உண்டு, ஆணை உண்டு. உங்கள் முப்பத்தெட்டு நாளுக்கு இரண்டும் இல்லை. நாம் பேச வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சும்மா சுவைக்காக. பழந்தமிழில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் அதுவே பாலை. மலையும் காடும் இருக்கும் நமக்கு இந்த இலக்கணம் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். 250 மி.மீ.க்குக் குறைந்தால்தான் பாலைவனம் என்று அவன் புத்தகத்தில் இருக்கும். பரீட்சையில் அதையே எழுதட்டும்.

—

ரிக்குவண்டி எழுதியது:

சார், பாலைன்னதும் ஞாபகம் வந்துச்சு. அங்க கெஜ்ரின்னு ஒரு மரத்தைச் சாமி மாதிரி காப்பாத்துவாங்க. கிட்டப் போய்ப் பாத்தா நம்ம வன்னி மரம்! கோயில்ல மஞ்சத் துணி கட்டி வச்சிருப்போமே, அதே. கொல்லை நடுவுல வளர விட்டு அடியில கம்பு போடுவாங்க. இலை ஆட்டுக்கு, காய் கொழம்புக்கு.

—

கொல்லைமேடு எழுதியது:

ரெண்டு நாளா நைட்டு உக்காந்து கணக்கு போட்டேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

ஒரு ஏக்கர்ல 1 மி.மீ. மழைன்னா 4,047 லிட்டர். 850-ன்னா 34 லட்சம் லிட்டருக்கு மேல. என் ரெண்டே கால் ஏக்கர்ல எழுபத்தேழு லட்சம் லிட்டர் வருஷா வருஷம் விழுது. எழுதிப் பாத்துட்டு நானே நம்பல, திரும்பப் போட்டேன்.

விழுது எறங்கற நேரத்துல ஒரே ஒரு தடவை, 25 மி.மீ. அளவுக்குத் தண்ணி காட்டியிருந்தா அந்த வருஷம் காய் பிடிச்சிருக்கும். அதுக்கு ஏக்கருக்கு ஒரு லட்சம், எனக்கு மொத்தம் ரெண்டே கால் லட்சம் லிட்டர். 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்துல பண்ணைக்குட்டை வெட்டுனா, கரைச் சரிவு போக நாலு லட்சமாவது நிக்கும். வெயில்ல தினம் அஞ்சு மி.மீ. ஆவியாப் போனாலும் முப்பத்தெட்டு நாளைக்கு எழுபத்தாறாயிரம் லிட்டர்தான் நஷ்டம். போதும்!

போகுற நிலம் பத்து சென்ட். அப்பாகிட்ட சொன்னேன். "பத்து சென்ட்டுல குழி வெட்டி ஆடு விழறதுக்கா?"ன்னுட்டாரு.

—

ஊத்தங்கரை_78 எழுதியது:

கணக்கு சரிதான்ணா, மண்ணு சரியில்ல. செம்மண்ணுல மொரம்பு வரைக்கும் வெட்டுனா ஒரு வாரத்துல உறிஞ்சிடும். எங்க ஊர்ல ஒருத்தர் வெட்டுனாரு, இப்ப அதுல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. அடியில களிமண்ணு அடிச்சு மிதிக்கணும், இல்லன்னா தார்ப்பாய் போடணும். தார்ப்பாயை எலி கடிக்கும்.

—

ரிக்குவண்டி எழுதியது:

உறிஞ்சட்டுமேப்பா. பழைய கிணத்துக்கு மேல் பக்கமா வெட்டுனா உறிஞ்சறது எங்க போவும்? கிணத்துக்குத்தான். கொல்லைமேடு அண்ணா, உங்க காஞ்ச கிணறு குட்டைக்கு எந்தப் பக்கம் வருது? அதைச் சொல்லுங்க மொதல்ல.

—

கொல்லைமேடு எழுதியது:

கிணறு தெக்கால மூலையில, பள்ளத்துல. சரிவு வடக்க இருந்து வருது. அப்ப குட்டையை நடுவுல வெட்டாம கிணத்துக்கு மேல இருவது முப்பது அடியில வெட்டணும். அப்பாவுக்கு இதைச் சொன்னா ஒத்துக்குவாரு, கிணறு அவரு கையால வெட்டுனது.

—

கேழ்வரகுக்களி எழுதியது:

குட்டை அடுத்த வருஷக் கதை. இப்ப புரட்டாசி பொறந்துடுச்சு. இந்த ஆடி விதைப்பு என்னாச்சு உங்களுக்கு?

—

கொல்லைமேடு எழுதியது:

ஒரு ஏக்கர் கேழ்வரகு தேறிடும்க்கா. மீதி ஒன்னே கால் ஏக்கர் சாமை, முளைச்சுக் கருகிடுச்சு. உழுதுட்டு கொள்ளு விடலாம்னு இருக்கேன். முந்தாநாள் ராத்திரி பெய்ஞ்சுது, இன்னிக்குக் காலையில வெட்டிப் பாத்தேன், ஈரம் நாலு விரக்கடை இருக்குது. ஆனா விதை இல்ல, வீட்டுல இருந்ததை வண்டு அடிச்சிடுச்சு.

—

கேழ்வரகுக்களி எழுதியது:

ஏக்கருக்கு எட்டு கிலோ கணக்கு, உங்களுக்குப் பத்து கிலோ போதும். எங்ககிட்ட பையூர் 2 ரகக் கொள்ளு இருக்குது, போன வருஷம் நாங்களே எடுத்தது, வேப்பிலை போட்டு வச்சிருக்கோம். மூட்டை கட்டி பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல கொடுத்தனுப்பறேன், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வாங்க. ஈரம் காயறதுக்குள்ள போட்டுடுங்க. காசு வேணாம், அறுத்தப்புறம் பத்து கிலோவைத் திருப்பிக் கொடுங்க.

—

கொல்லைமேடு எழுதியது:

காலையில ஏழரை பஸ்சுக்கே வந்துடறேன்க்கா. சாக்கு நானே கொண்டாறேன்.